வெனிஸ்ல ஒரு நாள்: ரெண்டு மணி நேரம் கைடு, மிச்ச நேரம் சும்மா

கடைப்பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். சும்மா தூசி தட்டிட்டுப் போகலாம்னு இருந்தவனை நண்பர் ஒருத்தர் எழுத வச்சிட்டார்.

நம்மளை மாதிரியே ஜெர்மனியில குப்பை கொட்டற ஆள். ஊர்லேர்ந்து மாமனார், மாமியார் வர்றாங்க. அவங்களுக்கு வெனிஸ் காட்டணுமாம். ஒரே ஒரு நாள். "எக்செல்ல பிளான் போட்டு அனுப்பிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க"ன்னார்.

பார்த்தேன். காலை 8.30க்கு ரயில்ல வந்து இறங்கல். 9.30க்கு சான் மார்க்கோ தேவாலயம். 10.30க்கு டோஜ் அரண்மனை. 12 மணிக்கு மணிக்கூண்டு. 12.45க்கு கோண்டோலா. 1.30க்கு சாப்பாடு (அரை மணி). 2 மணிக்கு ரியால்டோ பாலம். 2.30க்கு முரானோ தீவு, கண்ணாடித் தொழிற்சாலை. 4 மணிக்கு புரானோ தீவு, கலர் கலர் வீடு. 6.30க்குத் திரும்ப வந்து ஷாப்பிங். 8 மணிக்கு ரயில். நாள் பூரா கூடவே ஒரு கைடு.

மனுஷன் பாத்ரூம் போக மட்டும் நேரம் ஒதுக்கல :-)

மாமனாருக்கு வயசு எழுபது. மாமியாருக்கு முழங்கால் வலி. அதைக் கேட்டதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. ஏன்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல என் கருத்தை நேரா சொல்லிடறேன். வெனிஸ் மாதிரி ஒரு கால்வாய் ஊருக்கு ஒரு நாள் போறவங்க நாள் பூரா கைடு வச்சுக்கவே கூடாது. ரெண்டு மணி நேரம் போதும். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நல்ல கைடா, நம்ம ஆளுங்களுக்குன்னு மட்டும் பிடிக்கணும். மிச்ச நேரம் ஊரைச் சும்மா விட்டுடணும். பார்க்க வேண்டிய இடம் மொத்தம் மூணுக்கு மேல போகக் கூடாது. அப்புறம், முடிஞ்சா ஒரு ராத்திரி அந்த ஊருக்குள்ளயே தங்கணும்.

"ஆயிரக்கணக்குல செலவு பண்ணிப் போயிட்டு மூணு இடமா?"ன்னு கேப்பீங்க. தெரியும். கொசுவத்தியைச் சுத்தறேன், பாருங்க.

*

2016ல அப்பாவும் அம்மாவும் சென்னையிலேர்ந்து ஒரு பேக்கேஜ் டூர்ல ஐரோப்பா வந்தாங்க. பத்து நாள், ஆறு நாடு. எங்களோட தங்கறதுக்கு அப்புறமா தனியா விசா எடுத்து வரலாம், முதல்ல ஒரு ரவுண்டு ஊரைப் பார்த்துடறோம்னு அவங்களே முடிவு பண்ணினாங்க. வெனிஸ்ல அரை நாள். நான் மியூனிக்லேர்ந்து ரயிலேறிப் போய் அந்த அரை நாள் மட்டும் அவங்களோட சேர்ந்துக்கிட்டேன்.

அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல சரித்திர வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு வெனிஸ்னா மணிக்கூண்டும் கிடையாது, கோண்டோலாவும் கிடையாது. ஒரே ஆள்தான். மார்க்கோ போலோ. எங்க ஊர்க்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். மார்க்கோ போலோ சீனாவுலேர்ந்து திரும்பற வழியில நம்ம பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். 'காயல்'ங்கற துறைமுகத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஹோர்முஸ், ஏடன்லேர்ந்து குதிரை ஏத்திட்டு வர்ற கப்பலெல்லாம் அங்கதான் நிக்கும்னு சொல்றார். அது தாமிரபரணி முகத்துவாரத்துல இருக்கற பழையகாயல்தான்னு கால்டுவெல் சொன்னார். காயல்பட்டினம்னு சொல்றவங்களும் உண்டு. அப்பா பழையகாயல் கட்சி. வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பசங்களை சைக்கிள்ல அங்க கூட்டிட்டுப் போய் மண்ணைக் காட்டுவார்.

அதனால டூர் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். "டே தம்பி, அவர் வீடு இருந்த இடம் அங்க இருக்காம்டே. அதை மட்டும் பார்த்துடணும்."

இனி நடந்தது. பஸ்ஸெல்லாம் ட்ரோங்கெட்டோன்னு ஒரு செயற்கைத் தீவுல நிக்கும். அங்கேர்ந்து படகு. கரையில எங்களுக்கு முன்னாடி இருபது குரூப். எங்க குரூப்ல நாப்பத்தாறு பேர். கைடு கையில மடக்கின குடை, அதுல சிவப்பு ரிப்பன். எல்லார் காதுலயும் ஒரு ஒயர். ஒரு கண்ணாடிப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு நிமிஷம் ஊதிக் காட்டினாங்க, நாப்பது நிமிஷம் கடையில நிக்க வச்சாங்க. அப்புறம் கோண்டோலா, ஆறாறு பேரா ஏத்தி, அரை மணி. அப்புறம் சான் மார்க்கோ சதுக்கத்துல நின்னு இது அரண்மனை, அது மணிக்கூண்டு, அது பெருமூச்சுப் பாலம், போட்டோ எடுத்துக்கங்க. ஒரு மணி நேரம் ஃப்ரீ டைம்.

அப்பா போய் கைடுகிட்ட மார்க்கோ போலோ வீட்டைப் பத்திக் கேட்டார். "அது நம்ம ரூட்ல இல்ல சார், அங்க பார்க்கவும் ஒண்ணும் இல்ல"ன்னு பதில் வந்துச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே கிடையாது. நாப்பத்தாறு பேரை வச்சுக்கிட்டு யாரால என்ன பண்ண முடியும்?

சரி, ஒரு மணி நேரம் இருக்கே, ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்னு நான்தான் கிளப்பினேன். அம்மாவுக்குக் கால் வலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்"னாங்க. ஆனா அந்தச் சதுக்கத்துல உக்கார இடம் கிடையாதுங்க! காபிக்கடை நாற்காலியில உக்காந்தா காபிக்கே தலை சுத்தற காசு. படியில உக்காந்தா எழுப்பி விடுவாங்க. ஒரு தூண் பக்கத்துல நிக்க வச்சிட்டு நானும் அப்பாவும் ஓடினோம். பத்து நிமிஷத்துல வழி தொலைஞ்சுது. அந்த ஊர்ல வீட்டு நம்பர் தெருவாரியா கிடையாது, பேட்டைவாரியா ஓடும். ஒரு பேட்டைக்கே ஆயிரக்கணக்குல நம்பர். திரும்பி ஓடி வந்தா, தூண் இருக்கு, அம்மாவைக் காணோம்.

நாப்பது நிமிஷம் தேடினோம். ஒரு பழக்கடைத் தள்ளுவண்டி பின்னால ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. வண்டிக்காரர் பங்களாதேஷ்காரர். நிக்க முடியாம சாஞ்சதைப் பார்த்துட்டு அவரே கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருக்கார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு ஆரஞ்சும் உரிச்சுக் குடுத்திருக்கார்.

திரும்பற படகுல யாரும் பேசல. அப்பத்தான் ஒரு சுற்றுலாக் கப்பல் ஜுதெக்கா கால்வாய்ல வந்துச்சு. பக்கத்துல இருந்த தேவாலயமெல்லாம் அதுக்கு முன்னாடி தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. அம்மா அதைப் பார்த்துட்டு, "என்னய்யா, அபார்ட்மெண்ட் நகர்ந்து போகுது"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க: "இந்த ஊர்ல ஜனங்க எங்கப்பா இருக்காங்க? காலையிலேர்ந்து ஒரு வீட்டுல துணி காயப்போட்டுப் பார்க்கலயே."

எனக்குப் பதில் தெரியல.

அம்மா 2021ல தவறிட்டாங்க. மறுபடி ஐரோப்பா வரவே இல்ல.

*

2024 மே மாசம் அப்பா தனியா எங்க வீட்டுக்கு வந்தார். ரெண்டு மாசம். வெனிஸ்ங்கற வார்த்தையையே எடுக்கல. தங்கமணிதான் சொன்னா, "மாமாவைக் கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவை ஒழுங்கா பிளான் பண்ணுங்க"ன்னு. அந்த 'ஒழுங்கா'வுல இருந்த அழுத்தம் எனக்குப் புரிஞ்சுது.

இந்தத் தடவை இடங்களைப் பட்டியல் போடல. முதல்ல பாலங்களை எண்ணினேன்.

சிரிக்காதீங்க. வெனிஸ் நூத்துக்கு மேற்பட்ட குட்டிக் குட்டித் தீவுகளைச் சேர்த்துத் தைச்ச ஊர். நானூறுக்கும் மேல பாலம். பெரும்பாலானதுல படி உண்டு. ஏறி இறங்கணும். மேப்புல ஒரு கிலோமீட்டர்தானேன்னு கிளம்பினா, அதுல எட்டுப் பாலம் இருந்தா மாடி ஏறி இறங்கின கணக்கு. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போற யாரும் தூரத்தைப் பார்க்காதீங்க, பாலத்தை எண்ணுங்க. சேட்டிலைட் படத்துல எண்ணிடலாம். பாலத்துக்கு மாத்து, வாபொரெட்டோங்கற படகு பஸ். நம்பர் 1 படகு பெருங்கால்வாய் முழுக்க ரெண்டு கரையிலயும் மாத்தி மாத்தி நின்னு போகும். டிக்கெட் ஒரு தடவைக்கு ஒன்பதரை யூரோ, 75 நிமிஷம் செல்லும். 24 மணி நேர பாஸ் இருபத்தஞ்சு யூரோ. மூணு தடவை ஏறினா பாஸ் லாபம். (2024ல நாங்க குடுத்த விலை இது.)

ரெண்டாவது, ஊருக்குள்ளயே ரூம் எடுத்தேன். மெஸ்த்ரேல பாதி விலைக்குக் கிடைக்கும், ரயில்ல பத்து நிமிஷம்தான். ஆனா மத்தியானம் ஒரு மணி நேரம் கட்டையைச் சாய்க்க ரூம் கைக்கெட்டற தூரத்துல வேணும். எழுபத்திரண்டு வயசுக்காரருக்கு அது அரண்மனையை விட முக்கியம். கா தோரோ படகுத்துறை பக்கத்துல எடுத்தேன். ரயில் நிலைய வாசல்லயே படகு, கா தோரோல இறங்கினா ரூம். நடுவுல ஒரு பாலம்கூடக் கிடையாது.

மூணாவது, கைடு. இத்தாலியில கைடுன்னா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கணும். அட்டை இருக்கும், தயங்காமக் கேட்டுப் பார்க்கலாம். வெனிஸ்லயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மாவைப் பிடிச்சேன். மெயில்ல நாலு வரிதான் எழுதினேன். "என் அப்பாவுக்கு 72 வயசு. சரித்திர ஆசிரியர். மார்க்கோ போலோ எழுதின காயல் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அரண்மனை வேண்டாம், தேவாலயம் வேண்டாம். ரெண்டு மணி நேரம் அவரோட பேசணும். பாலம் கம்மியா இருக்கணும்."

ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு. "இருபது வருஷமா கைடா இருக்கேன், இப்படி ஒரு மெயில் வந்ததே இல்ல. மார்க்கோ போலோ இறந்து இந்த வருஷத்தோட எழுநூறு வருஷம் ஆகுது தெரியுமா?" ரெண்டு மணி நேரத்துக்கு நூத்தி அறுபது யூரோ. தங்கமணி பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது :-)

*

வியாழக்கிழமை காலை. கா தோரோ பக்கத்துல சாந்தா சோஃபியா துறைன்னு ஒண்ணு இருக்கு. அங்க த்ரகெட்டோங்கற படகு. கோண்டோலா மாதிரியேதான், கொஞ்சம் பெருசு, ரெண்டு பேர் துடுப்பு போடறாங்க. கால்வாயைக் குறுக்கா கடக்கறதுக்கு ரெண்டு யூரோ. கோண்டோலா அரை மணிக்குப் பகல்ல தொண்ணூறு யூரோ, ராத்திரி நூத்திப்பத்து. அது அரசாங்கம் வச்ச ரேட். அப்பா துடுப்புக்காரர் பக்கத்துல வேட்டிய மடிச்சுக் கட்டாத குறையா நின்னுக்கிட்டே அக்கரைக்கு வந்தார். கோண்டோலா ஆசை ரெண்டு யூரோவுல தீர்ந்துது.

அக்கரையில ரியால்டோ மீன் மார்க்கெட். செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் காலையில மட்டும். தூத்துக்குடிக்காரரை மீன் மார்க்கெட்ல விட்டா கேக்கணுமா? கணவாயைக் கண்டார், மத்தியைக் கண்டார், விலையைக் கண்டு மூர்ச்சையானார். கைடு அம்மா அங்கதான் வந்து சேர்ந்துக்கிட்டாங்க. சுவர்ல ஒரு பளிங்குக் கல்லைக் காட்டினாங்க. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா விக்கக் கூடாதுன்னு வரிசையா செதுக்கி வச்சிருக்கு. அப்பா ஒவ்வொரு வரியா நின்னு பார்த்தார். "குஞ்சு மீனைப் பிடிக்காதன்னு கல்வெட்டுல போட்டிருக்கான் பாருடே."

திரும்ப அதே படகுல இக்கரை. அங்கேர்ந்து சின்னதா ரெண்டு பாலம்தான். ஒரு இருட்டுச் சந்து, குனிஞ்சு போற மாதிரி ஒரு வளைவு. உள்ள போனா நாலு பக்கமும் வீடு, நடுவுல ஒரு முற்றம். கோர்த்தே செகோந்தா தெல் மிலியோன். 'மிலியோன்'ங்கறது மார்க்கோ போலோ புத்தகத்துக்கு அந்த ஊர்ல வழங்கற பேர். வீடு எப்பவோ தீயில போயிடுச்சு. அந்த இடத்துல 1678ல ஒரு நாடகக் கொட்டகை கட்டினாங்க. இன்னிக்கும் மலிப்ரான் தியேட்டர்ங்கற பேர்ல நடக்குது. மார்க்கோ போலோ காலத்துக்கும் முந்தின ஒரு கல் வளைவு மட்டும் முற்றத்துல அப்படியே நிக்குது. 2016ல அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். பார்க்க ஒண்ணும் இல்ல.

ஆனா அங்க நாங்க ஒரு மணி நேரம் இருந்தோம்.

முற்றத்து நடுவுல மூடி போட்ட ஒரு கல் கிணறு. அப்பா அதைக் கேட்டார். அது கிணறே இல்லையாம். உப்புக் காயலுக்கு நடுவுல நல்ல தண்ணி ஏது? மழைத் தண்ணியைத் தரை வழியா இறக்கி, மணல்ல வடிகட்டிச் சேர்த்து வச்ச தொட்டி. ஊர் முழுக்க இப்படித்தான் ஒவ்வொரு முற்றத்துலயும். 1884ல குழாய்த் தண்ணி வந்தப்புறம் மூடிட்டாங்க. தண்ணிக் கஷ்டம் பார்த்த ஊர்க்காரருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

அப்புறம் அப்பா காயல் கதையைச் சொன்னார். ஆறு கொண்டு வந்து கொட்டின மண்ணுல துறைமுகம் தூர்ந்து, கடல் தள்ளிப் போயிடுச்சுன்னு. நான் இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னேன். கைடு அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "எங்களுக்கும் அதே பயம் இருந்துச்சு. பிரெந்தா, பியாவே, சீலே, எல்லா ஆறும் மண்ணைக் கொண்டு வந்து இந்தக் காயலை மூடப் பார்த்துச்சு. நூறு நூறு வருஷமா வேலை பார்த்து, ஆத்தையே திருப்பி வெளிய கடல்ல விட்டாங்க. இல்லேன்னா இன்னிக்கு இங்க மக்காச்சோளம் விளைஞ்சிருக்கும்."

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "நம்ம ஆளுங்க விட்டுட்டாங்க. இவங்க விடல"ன்னார். சரித்திர வாத்தியார் நாப்பது வருஷமா தேடின ஒரு வரி கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. வழியில ஒரு தெருக்குழாய்ல பாட்டில்ல தண்ணி பிடிச்சிருந்தோம். அப்பா அதை எடுத்து, நம்ம வழக்கப்படி அண்ணாந்து, உதட்டுல படாம ஊத்திக் குடிச்சார். கைடு அம்மா கையைத் தட்டிச் சிரிச்சாங்க. உங்க ஊர்க்காரங்க பாத்திரத்தை உதட்டுல படவிடாமக் குடிப்பாங்கன்னு மார்க்கோ போலோ எழுதியிருக்கார், நான் படிச்சிருக்கேன், பார்த்தது இப்பத்தான்னு சொன்னாங்க. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க கரையில ஒருத்தர் பார்த்து எழுதினதை, அவர் வீட்டு முற்றத்துலயே எங்கப்பா செஞ்சு காட்டிட்டார், அவருக்கே தெரியாம.

நூத்தி அறுபது யூரோ எதுக்குன்னு இப்பத் தெரியுதா? கட்டடத்தைக் காட்ட கைடு எதுக்கு, அது நம்ம கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் கைடு. நாம கேக்க, அவங்க சொல்ல, அவங்க கேக்க, நாம சொல்ல நேரம் இருக்கணும். காதுல ஒயரை மாட்டிக்கிட்டுக் குடைக்குப் பின்னால ஓடினா இது நடக்காது. நாள் பூரா வச்சாலும் நடக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல யாராலயும் காது குடுக்க முடியாதுங்க. சொல்றவங்களுக்கும் தொண்டை காயும்.

போறதுக்கு முன்னாடி பக்கத்துச் சதுக்கம் ஒண்ணுல ஒரு மருந்துக்கடை ஜன்னலைக் காட்டினாங்க. டிஜிட்டல் போர்டுல ஒரு எண் ஓடுது. பழைய நகரத்துல இன்னும் குடியிருக்கறவங்க எத்தனை பேர்னு. 1951ல ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்த ஊர். 2022ல ஐம்பதாயிரத்துக்குக் கீழ போயிடுச்சு. "என் பிள்ளைங்களும் மெஸ்த்ரேலதான் இருக்காங்க, இங்க வாடகை கட்டுப்படி ஆகல"ன்னாங்க.

மத்தியானம் தூக்கம். சாயங்காலம் நம்பர் 1 படகுல பெருங்கால்வாய் முழுக்கச் சுத்தி, சான் மார்க்கோவைத் தண்ணியிலேர்ந்தே பார்த்துட்டு, ஜார்தீனி துறையில இறங்கினோம். அங்கேர்ந்து பாலமே ஏறாம ஒரு மர நிழல் பாதை வழியா வியா கரிபால்டிக்குப் போயிடலாம். அகலமான தெரு. முன்னாடி கால்வாயா இருந்ததை நெப்போலியன் காலத்துல தூர்த்துத் தெருவாக்கினாங்க. தெரு முடியற இடத்துல தண்ணியில ஒரு படகு, படகு நிறையக் காய்கறி. பசங்க பந்து விளையாடறாங்க. பாட்டிங்க நாற்காலி போட்டு உக்காந்து கத்திக் கத்திப் பேசறாங்க. பக்கத்துச் சந்துல தலைக்கு மேல இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் கயிறு கட்டி, வரிசையா துணி காயுது. போர்வை, லுங்கி மாதிரி ஏதோ, குழந்தைச் சட்டை.

அப்பா அண்ணாந்து பார்த்துட்டே நின்னார். "உங்கம்மா கேட்டாளே"ன்னார். அவ்வளவுதான். நானும் ஒண்ணும் சொல்லல. ஒரு பெஞ்ச் இருந்துச்சு. இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தோம்.

*

சரி, இப்போ வரப்போற குட்டுக்கெல்லாம் முன்கூட்டியே பதில்.

"பேக்கேஜ் டூர் இல்லேன்னா எங்க அப்பா அம்மா ஐரோப்பாவே பார்த்திருக்க மாட்டாங்க." ஒத்துக்கறேன். பாஷை தெரியாது, சாப்பாடு பயம், விசா தலைவலி. இதெல்லாம் அவங்க பார்த்துக்கறாங்க. எங்க அம்மா அப்பா வந்ததும் அப்படித்தான். நான் சொல்றது, அந்த டூர்லயே வெனிஸ் வந்தா, கண்ணாடிக்கடையை விட்டுட்டு உங்க பெத்தவங்களை ஒரு நிழல்ல உக்கார வைங்க. ஃப்ரீ டைம்ல அவங்களைத் தனியா விட்டுட்டு ஓடாதீங்க. அந்தத் தப்பு நான் பண்ணினது, டூர்காரங்க பண்ணினது இல்ல.

"அரண்மனையைப் பார்க்காம வெனிஸா?" இளவட்டங்க தாராளமா பாருங்க. நெட்லயே முன்பதிவு பண்ணிட்டு, கைடு நேரத்தை அங்கயே செலவழிங்க. அதிகமாப் பணம் குடுத்தா 1756ல காஸநோவா தப்பிச்ச சிறையறை வரைக்கும் கூட்டிட்டுப் போற தனிச் சுற்று உண்டு. ஆனா அதோட அன்னிக்கு முரானோவையும் புரானோவையும் மறந்துடுங்க. புரானோ போகவே படகுல முக்கால் மணி நேரம் ஆகும்.

"கூட்டத்தைப் பத்திப் பேசற நீயும் கூட்டம்தானே?" ஆமாங்க. அதான் குத்துது. அந்த ஊரும் தன்னால ஆனதைப் பண்ணிப் பார்க்குது. 2021ல பெரிய கப்பல்களை ஜுதெக்கா கால்வாய்க்குள்ள விடறதை நிறுத்தினாங்க. 2024 ஆகஸ்ட்லேர்ந்து ஒரு கைடுக்கு இருபத்தஞ்சு பேருக்கு மேல கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. எங்க நாப்பத்தாறு பேர் குடைக் குரூப் இனி நடக்காது. பகல்ல மட்டும் வந்துட்டுப் போறவங்களுக்கு நுழைவுக் கட்டணமும் வச்சாங்க. 2024ல 29 நாள், 2025ல 54 நாள். அஞ்சு யூரோ, கடைசி நேரத்துல கட்டினா 2025ல பத்து. ராத்திரி தங்கறவங்களுக்குக் கிடையாது, ஆனா நெட்ல பதிஞ்சு வச்சுக்கணும். போறதுக்கு முன்னாடி உங்க தேதியை ஒரு தடவை பார்த்துக்குங்க. அஞ்சு யூரோவால கூட்டம் குறையும்னு நான் நம்பல. ஆனா ஒரு ராத்திரி தங்கி, அந்த ஊர்க் கைடுக்கு நேரா காசு குடுத்து, அந்த ஊர்க் கடையில சாப்பிட்டு, பெஞ்ச்ல உக்காந்து எந்திரிச்சு வர்றவன், மூணு மணி நேரம் குடைக்குப் பின்னால ஓடறவனை விட அந்த ஊருக்குக் கொஞ்சம் கம்மி பாரம். அவ்வளவுதான் என் கட்சி.

நண்பர்கிட்ட இதையெல்லாம் போன்ல கொட்டினேன். அரை மணி நேரம் பொறுமையா கேட்டார். கடைசியில, "சரிங்க, மாமியாருக்கு வெனிஸ்ல என்ன பார்க்கணும்னு நான் கேக்கவே இல்லையே"ன்னார். கேட்டுட்டு மறுநாள் கூப்பிட்டார். அந்தம்மா லேஸ் பின்னுவாங்களாம். சின்ன வயசுலேர்ந்தே. புரானோவுல கையால லேஸ் பின்றவங்க இருக்காங்கன்னு எங்கயோ படிச்சிருக்காங்க, அதை மட்டும் பார்த்தாப் போதுமாம்.

பதினோரு வரி எக்செல் ஷீட்ல இப்போ ரெண்டே வரி. புரானோ, ஒரு பெஞ்ச். கைடு புரானோவுல மட்டும், ரெண்டு மணி நேரம்.

நான் புரானோவை மறந்துடுங்கன்னு மேல எழுதியிருக்கேன்ல? அதை அழிக்க மாட்டேன். ஆனா அந்தம்மாவுக்கு அது செல்லாது :-)

டிஸ்கி 1: பொதுக் கழிப்பறைக்குக் காசு. சில்லறை வச்சுக்குங்க. தெருக்குழாய்த் தண்ணி நல்லா இருக்கும், பாட்டிலை வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போங்க.

டிஸ்கி 2: புறாவுக்குத் தீனி போட்டா அபராதம். 2016ல அப்பா போடப் போய் நான் கையைப் பிடிச்சு நிறுத்தினது தனிப் பதிவுக்கான மேட்டர்.

டிஸ்கி 3: அந்தப் பழவண்டிக்காரரை 2024ல தேடினோம். அந்த இடத்துல வேற ஒருத்தர் இருந்தார். அவர்கிட்ட ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிட்டு வந்தோம்.